நாமம் போட்ட போல்ட்

அத்தியாயம் 4

கை ஒடைஞ்ச மெக்கானிக்கை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. பாக்கவும் வேண்டாம். எங்க கார் முன் சீட்டுல உக்காந்துக்கிட்டு, செங்கோட்டையன் இடது கையால கதவைச் சாத்த மூணு தடவை இழுத்துப் பாத்தாரு. முடியல. நான் எறங்கிப் போய்ச் சாத்திட்டு வந்தேன்.

அம்பத்தஞ்சு வயசு. முப்பது வருசமா மல்லசமுத்திரத்துல லாரி எஞ்சினைப் பிரிச்சுக் கட்டுற மனுசன். வலது கையில முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் மாவுக்கட்டு.

"எத்தனை பேருங்க அடிச்சது?"ன்னு பின் சீட்டுல இருந்து கேட்டேன்.

"நாலு பேருங்க. ரெண்டு பேரு புடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தரு வீல் ஸ்பேனர்ல அடிச்சாருங்க."

"நாலாவது ஆளு சும்மா நின்னானா?"

"இல்லீங்க. விரலுக்கு ஒண்ணுன்னு எண்ணிக்கிட்டு இருந்தாருங்க."

எனக்கு எதுக்கும் ஒரு நக்கல் வாயில தயாரா இருக்கும். என் பேரு குருமூர்த்தி, எங்கம்மா வெச்ச பேரு லொள்ளு. அன்னிக்கு என் வாயில ஒண்ணும் வரல.

வண்டி ஓட்டுனது அகல்யா மேடம். எட்டு வருசம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பிரேக் இன்ஸ்பெக்டரா இருந்து, மேலதிகாரிகிட்டச் சண்டை போட்டுட்டு வெளிய வந்து, நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒத்தை ரூம்ல துப்பறியும் ஆபீஸ் நடத்துறவங்க. நான் அவங்க உதவியாளன். உதவி கொஞ்சம், வாய் ஜாஸ்தின்னு அவங்களே விசிட்டிங் கார்டுல போடாத குறையா எல்லாருகிட்டயும் சொல்லுவாங்க.

விசயம் இதுதாங்க. சின்னுசாமின்னு ஒரு பெரியவரு. அறுபத்திமூணு வயசு. இருபத்தாறு வருசப் பழைய லாரி, அவரே ஓனர், அவரே டிரைவர். எட்டு நாளைக்கு முன்னாடி, சனிக்கெழமை, கொல்லிமலையில மரவள்ளிக்கெழங்கு ஏத்திக்கிட்டு எறங்குறாரு. ஒரு கொண்டை ஊசி வளைவுல எஞ்சின் ஜாம் ஆயிருச்சு. எஞ்சின் நின்னதும் பின் சக்கரம் அப்படியே புடிச்சுக்கிச்சு. வண்டி வழுக்கிப் பள்ளத்துல போயிருச்சு. பெரியவரு அங்கயே போயிட்டாரு.

அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, வியாழக்கெழமை, அந்த எஞ்சினுக்கு எண்ணெய் மாத்துனது செங்கோட்டையன். வண்டியை மேல தூக்கி ஊட்டுல நிறுத்தி, மறுநாள் எண்ணெய் குச்சியை உருவிப் பாத்தா, தாரு மாதிரி கறுப்பு. புது எண்ணெய்யை அமுக்கிட்டுப் பழைய எண்ணெய்யவே ஊத்தி ஆளைக் கொன்னுட்டான்னு பேச்சு கெளம்பிருச்சு. மூணாம் நாள் சொந்தக்காரங்க வந்து கைய ஒடைச்சுட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு ஒம்பதாம் நாள். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எஞ்சினைப் பிரிக்கப் போறாங்க. பிரிச்சு, கழுவி, கட்டிட்டா அதுக்கப்புறம் சாட்சியே இல்ல. கை போனது போதாதுன்னு இந்த மனுசன் ஜெயிலுக்கும் போகணும். அதான் எங்களைத் தேடி வந்தாரு.

"நான் கட்டுன எஞ்சின் பொய் சொல்லாதுங்க மேடம்"னாரு செங்கோட்டையன். "புது எண்ணெய்தானுங்க ஊத்துனேன். ஊத்தி, எண்ணெய் தொட்டியில வடிக்கிற போல்ட்டைப் பூட்டி, பட்டையும் போட்டேனுங்க."

"பட்டையா?"

"திருநீறுங்க. எண்ணெய் பட்ட எடத்துல வெறும் திருநீறு நிக்காதுன்னு வெள்ளை பெயிண்ட்ல குழைச்சு, போல்ட் தலையில எடம் வலமா மூணு கோடு இழுப்பேனுங்க. பட்டை போட்டுட்டா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"சிவபெருமானே சீல் வெச்சது மாதிரி"ன்னேன்.

மேடம் கண்ணாடியில என்னையப் பாத்தாங்க. வாய மூடிக்கிட்டேன்.

---

சின்னுசாமி ஊடு ஊருக்கு வெளிய. ஊட்டுக்குப் பின்னால மகன் சிவக்குமாரோட கோழிப் பண்ணை. தீவனக் குடோனை ஒட்டி அந்த லாரி நின்னுது. கேபின் ஒரு பக்கம் நசுங்கி, கண்ணாடி எல்லாம் போய், ஆனா முன் பம்பர்ல கட்டுன எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் மட்டும் அலுங்காம நலுங்காம தொங்குது. அதைப் பாத்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. காப்பாத்த வேண்டிய நேரத்துல காப்பாத்தாம இப்ப என்ன தொங்கல்?

சிவக்குமார் எதுத்து வந்தாரு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். மொகம் தூங்கி நாளாச்சுன்னு சொல்லுச்சு.

"ஊருல பேச்சு வரக் கூடாதுன்னுதான் ஒத்துக்கிட்டேன். ஒரு மணி நேரம்தானுங்க. பன்னெண்டுக்குச் சங்ககிரி மெக்கானிக் வாராரு. பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு எங்கப்பா வண்டிச் சத்தம் இந்த வாசல்ல கேக்கணும்."

குடோன் நெழல்ல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தாங்க பெரியவரு சம்சாரம் முத்தாயம்மாள். எங்களைப் பாத்ததும் எந்திரிச்சு, "வாங்க சாமி, வெயில்ல வந்திருக்கீங்க"ன்னாங்க. அப்பறம் எங்களுக்குப் பின்னால வந்த செங்கோட்டையனைப் பாத்தாங்க.

"அந்தாளு கேட்டுக்கு வெளியவே நிக்கட்டும்."

செங்கோட்டையன் வெயில்லயே நின்னுட்டாரு. எங்களுக்கு மோர் வந்துச்சு, அவருக்கு வரல.

மேடம் மோரை அப்பறம்னுட்டு சேலை முந்தானைய இடுப்புல சொருகுனாங்க.

"குரு, பழைய எஞ்சினை எதுக்குப் பிரிக்கறதுக்கு முன்னாடி பாக்கணும் தெரியுமா?"

"பிரிச்சுட்டா நட்டு காணாமப் போயிருங்க."

"பிரிச்சுட்டா எது எப்படி இருந்துச்சுங்கறது காணாமப் போயிரும். குச்சிய எடு."

எண்ணெய் குச்சிய உருவிக் குடுத்தேன். கறுப்பு. மோந்து பாத்தாங்க, விரல்ல தேச்சுப் பாத்தாங்க, பழைய பேப்பர்ல ஒரு சொட்டு வெச்சாங்க.

"பாத்தீங்களா!"ன்னாரு சிவக்குமார். "இதுல ஏனுங்க இன்னும் ஆராய்ச்சி?"

மேடம் வண்டிக்கு முன்பக்கம் போனாங்க. எஞ்சின் முன்னால இருக்குற புல்லிச் சக்கரத்துல நீளக் கம்பியக் குடுத்து என்னையத் திருப்பச் சொன்னாங்க. என் பலம் மொத்தமும் போட்டேன். ஒரு மயிரிழை அசைஞ்சு, இரும்புல இரும்பு முட்டுற மாதிரி நின்னுருச்சு.

"அசையவே இல்லைன்னா மேல பிஸ்டன் ஒட்டியிருக்கலாம். கொஞ்சூண்டு அசைஞ்சு முட்டுது. அடியில ஏதோ சிக்கியிருக்கு. டீசலைப் பீய்ச்சுற நாசிலைக் கழட்டு, ஓட்டைக்குள்ள கேமராவ விடு."

நாசிலைக் கழட்டி, அந்தத் துவாரத்துல ஒயர் கேமராவ எறக்கி, ஃபோன்ல பாத்தோம். ஒரு சிலிண்டர் இல்ல, ஆறும். சுவரு பளபளன்னு இருக்கு. ஒரு கீறல் இல்ல.

"இப்பச் சொல்லு. கெட்டுப்போன எண்ணெய்ல ஓடுன எஞ்சின் எப்படி இருக்கும்?"

"மேலயும் கீழயும் சேந்து தேஞ்சிருக்கும்."

"இது இடுப்புக்குக் கீழ மட்டும் செத்திருக்கு. மேல அங்கங்க இன்னும் எண்ணெய் ஒட்டிக்கிட்டிருக்கு. கீழ தண்டு சுத்துற பேரிங்குக்குத்தான் திடீர்னு எண்ணெய் வராம நின்னுருக்கு."

"பட்டினிச் சாவுங்களா?"

"சோறு கெட்டுப் போகல. தொண்டையில எதையோ அடைச்சிருக்காங்க."

சிவக்குமார் கைக்கடியாரத்தைப் பாத்தாரு. பாத்தாருன்னு சொல்றதை விட, எங்க மொகத்தைப் பாக்காம இருக்க ஒரு எடம் தேடுனாருன்னு சொல்லலாம்.

நான் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வண்டிக்கு அடியில போனேன். எண்ணெய் தொட்டியோட பக்கவாட்டுல, என் மூக்குக்கு நேரா, வடிக்கிற போல்ட். அதோட தலையில வெள்ளையா மூணு கோடு, அழியாம, செதையாம, அழகா இருந்துச்சு. நல்லா உத்துப் பாத்தேன். சிரிப்பு வந்துருச்சு.

"மேடம், செங்கோட்டையன் அண்ணன் எடம் வலமாத்தானே இழுத்தேன்னாரு?"

"ஆமா."

"இங்க மூணு கோடும் நிமிந்து நிக்குதுங்க. சிவன் கோயில் போல்ட் பெருமாள் கோயிலுக்கு மாறிப்போச்சு."

மேடமும் குனிஞ்சு பாத்தாங்க. கேட்டுக்கு வெளிய இருந்து செங்கோட்டையன் கழுத்தை எக்கி எக்கிப் பாக்குறாரு.

"படுத்திருந்தா பட்டை, நின்னா நாமம்"னாங்க மேடம். "செங்கோட்டையன் பூட்டுனதுக்கு அப்பறம் யாரோ இந்தப் போல்ட்டைக் கழட்டியிருக்காங்க. சாமி விசயம்னு பயந்து பட்டை அழியாமப் பாத்துப் பாத்துப் பூட்டியிருக்காங்க. திருநீறு மேல இருந்த பக்தியில அது எப்படி நின்னுச்சுன்னு பாக்க மறந்துட்டாங்க."

"யாருக்கோ நாமம் போட்டிருக்காங்கன்னு சொல்லுங்க."

"கேட்டுக்கு வெளிய நிக்குறாரே, அவருக்கு."

சிவக்குமார் செருப்பு மண்ணைத் தேய்ச்சது எனக்கு வண்டிக்கு அடியிலயே கேட்டுச்சு.

---

"எண்ணெய்யை வடிச்சு வேற ஊத்துனவங்க, ஆயில் பில்டரைத் தொட்டாங்களான்னு பாப்போம்"னாங்க மேடம். அந்த டப்பாவைக் கழட்டி, ஆக்சா பிளேடால குறுக்க அறுத்தேன். உள்ள இருந்த மடிப்புக் காகிதத்தைப் பேப்பர்ல விரிச்சோம். கறுப்பும் சாம்பலுமா ஒரு சேறு, மடிப்பு மடிப்பா அப்பிக் கெடந்துச்சு. தள்ளி நின்னு பாத்தா மாட்டுச் சாணின்னு நெனப்பீங்க.

மேடம் நகத்தால அதைக் கீறிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. முத்தாயம்மாள் இன்னொரு சொம்பு மோரோட பக்கத்துல வந்தாங்க.

"அந்தக் கிளிஞ்சலை நோண்டாதீங்க சாமி, நகக்கண்ணுல ஏறிக்கிட்டா சீழ் வெச்சுக்கும். இந்தாங்க, மோரைக் குடிங்க."

மேடம் நிமிந்து அவங்க மொகத்தை ஒரு நிமிசம் பாத்தாங்க. "சரிங்கம்மா"ன்னு மோரை வாங்கிக் குடிச்சாங்க. நானும் குடிச்சேன். உப்பு போதலைன்னு மட்டும்தான் என் மரமண்டைக்குப் பட்டுச்சு.

"குச்சியில வந்த எண்ணெய்ல இந்த மாதிரி ஒரு துணுக்குக் கூட இல்ல"ன்னாங்க மேடம். "பில்டர்ல முட்ட முட்ட இருக்கு. இப்ப உள்ள இருக்குற கறுப்பு எண்ணெய், இந்த எஞ்சின்ல ஒரு சுத்துக் கூட ஓடல. குரு, இந்தச் சேத்தைப் பெட்ரோல்ல அலசித் தொடை. அப்படியே அந்த எலுமிச்சம்பழத்தை அறுத்துக்கிட்டு வா."

"எந்த எலுமிச்சம்பழம்?"

"பம்பர்ல தொங்குதே, அது."

"மேடம், திருஷ்டிக்குக் கட்டுனதுங்க. தொட்டா நமக்கு ஏறிக்கும்."

"உன்னைய விட ஒரு திருஷ்டி எனக்கு வேணுமா? கொண்டா."

அலசித் தொடைச்சதும் சேறு வெள்ளைப் பொடியாத் தெரிஞ்சுது. வதங்குன பழத்தைப் பிழிஞ்சு ரெண்டு சொட்டு விட்டேன். புஸ்ஸுன்னு நுரைச்சுப் பொங்குச்சு.

"ரோட்டு மண்ணு பொங்காது"ன்னாங்க மேடம். எந்திரிச்சு நேரா தீவனக் குடோனுக்குப் போனாங்க, அங்க இருந்த ஜெனரேட்டரையும் பக்கத்துல காலியா கெடந்த பழைய எண்ணெய் டின்னையும் ஒரு பார்வை பாத்தாங்க. ஓரத்து மூட்டையில கைய விட்டு ஒரு பிடி அள்ளிக்கிட்டு வந்து பக்கத்துல கொட்டுனாங்க. முட்டை ஓடு கெட்டியா வரணும்னு கோழித் தீவனத்துல கலக்குற கிளிஞ்சல் தூள். மிச்ச எலுமிச்சையப் பிழிஞ்சாங்க. அதே நுரை, அதே புஸ்ஸு.

இந்தக் கிளிஞ்சலை எஞ்சின்ல போட்டா என்ன ஆகும்? அடியில எண்ணெய்யை உறிஞ்சுற சல்லடைய அடைச்சுரும். பேரிங்குக்கு எண்ணெய் போகாது. கொஞ்ச தூரம் ஓடும், நல்லாத்தான் ஓடும், அப்பறம் ஒரே புடி. அந்தப் புடி கொண்டை ஊசி வளைவுல புடிச்சிருக்கு.

"சிவக்குமாரு"ன்னாங்க மேடம். "கிளிஞ்சல் உன்னுது. பண்ணை உன்னுது. ஜெனரேட்டர்ல இருந்து வடிச்ச பழைய எண்ணெய்யும் உன்னுது. பன்னெண்டு மணிக்குள்ள பிரிச்சுக் கழுவணும்னு அவசரமும் உன்னுது."

சிவக்குமார் அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

"நாந்தானுங்க. எல்லாம் நாந்தான். எழுதிக்கங்க. அந்தப் பழைய வண்டிய விட்டுத் தொலைக்க மாட்டேன்னாரு. அதான் பண்ணுனேன்."

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிருச்சு. "பெத்த அப்பனைக் கொன்னுட்டு, அடுத்தவன் கைய ஒடைக்க விட்டுட்டு, வண்டிச் சத்தம் கேக்கணுமாக்கும்! நீயெல்லாம் சோத்தைத்தான் திங்குறியா?"

"குரு, இரு. சிவக்குமாரு, எவ்வளவு போட்ட?"

"அது… ஒரு பத்துக் கிலோ இருக்குமுங்க."

மேடம் லேசாச் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்காது. யாரையாவது அறுக்கப் போறாங்கன்னா மட்டும்தான் வரும்.

"பத்துக் கிலோ எண்ணெய் ஊத்துற அந்த வாயில போகாதுப்பா. பாதியிலயே வெளிய வழிஞ்சுரும். வண்டி ஊட்டுக்கு வந்தப்பறம், கிளிஞ்சலை மறைக்க எண்ணெய்யை வடிச்சு மாத்துனது நீ. கிளிஞ்சல் போட்டது நீயில்ல." மேடம் திரும்புனாங்க. "எவ்வளவுங்கம்மா போட்டீங்க?"

முத்தாயம்மாள் கையில வெறுஞ்சொம்பு இருந்துச்சு. அதைக் கீழ வெச்சாங்க.

"அரைப்படிங்க."

"அம்மா, சும்மா இரும்மா!"ன்னு கத்துனாரு சிவக்குமார்.

"பில்டரை அறுத்ததும் சாணி மாதிரிதான் இருந்துச்சு"ன்னாங்க மேடம். "நானே கழுவிப் பாத்துத்தான் கண்டுபுடிச்சேன். நீங்க பாத்ததும் கிளிஞ்சல்னீங்க. என் நகத்துக்கு வலிக்கக் கூடாதுன்னு பாத்தீங்க, அதுல மாட்டிக்கிட்டீங்க."

முத்தாயம்மாள் அழல. சேர்ல உக்காந்தாங்க. மகனைப் பாக்காம லாரியப் பாத்துப் பேசுனாங்க.

"அவருக்கு ஒரு கண்ணு தெரியாம போயி ஒரு வருசமாச்சு. சக்கரை. டாக்டரு ஓட்டக் கூடாதுன்னாரு. நான் கால்ல கூட உழுந்து பாத்துட்டேன். கேக்கல. ஒரு நாளு இல்ல ஒரு நாளு மலையில போய்ச் சாவப் போறாருன்னு தெரியும். வெள்ளிக்கெழமை அவரு குளிக்கப் போனப்ப எண்ணெய் மூடியத் தொறந்து போட்டேன். காலையில கெளம்பாது, ஊட்டுல கெடப்பாருன்னு நெனச்சேன். கெளம்பிருச்சுங்க. 'பாரு முத்தாயி, செங்கோட்டையன் கைபட்டா வண்டி எப்படிப் போவுது பாரு'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

எனக்கு அந்த நேரத்துல அந்தம்மா மேல எரக்கம் வந்துருச்சுங்க. மறைக்காமச் சொல்றேன், கண்ணு கலங்கிருச்சு. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசுற மேடம் கூட அவங்க சேர் பக்கத்துல குந்த வெச்சு உக்காந்தாங்க. அப்பறம் கேட்டாங்க.

"அது வரைக்கும் சரிங்கம்மா. புருசனைக் காப்பாத்தணும்னு பண்ணீங்க. செங்கோட்டையன் கைய ஒடைச்சாங்களே, அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

முத்தாயம்மாள் கீழ வெச்ச சொம்பை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க.

"அவன் பண்ணலைன்னு இந்த ஒலகத்துலயே உறுதியாத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. அன்னிக்கு என்ன சொன்னீங்க?"

வாசல் கேட்டுப் பக்கம் இருந்துதான் பதில் வந்துச்சு.

"மொதல்ல இடது கையத்தானுங்க புடிச்சாங்க"ன்னாரு செங்கோட்டையன். வெயில்ல நின்னு நின்னு அவரு மொகம் காஞ்சு கெடந்துச்சு. "இவங்கதான் கூட வந்து, என் பட்டறை வாசல்ல நின்னு சொன்னாங்க. 'அதில்லடா, அவன் ஸ்பேனர் புடிக்கிறது வலது கை'ன்னு."

நான் கேட்டுக்கு ஓடுனேன்.

"இதை ஏனுங்க எங்ககிட்டச் சொல்லல?"ன்னு அவர்கிட்டக் கேட்டேன்.

"புருசன் போன துக்கத்துல வாய் தவறிருச்சுன்னு நெனச்சேனுங்க. அந்தத் துக்கத்துல போய் ஒரு பொம்பளை மேல பழி சொல்லலாமுங்களா?"

மேடம் ஃபோனை எடுத்துப் போலீசுக்குப் பேசப் போனாங்க. சிவக்குமார் தரையில உக்காந்தவரு எந்திரிக்கல. அந்நேரம் பாத்து வாசல்ல ஒரு பைக் வந்து நின்னுச்சு. சங்ககிரி மெக்கானிக். டூல்ஸ் பையத் தோள்ல போட்டுக்கிட்டு, நெலவரம் தெரியாமச் சிரிச்ச மொகமா கேட்டுக்கு வந்தாரு. அங்க நின்னவரோட மொகத்தைத்தான் பாத்தாரு, மாவுக்கட்டைக் கவனிக்கல.

"அட, செங்கோட்டையண்ணே, நீங்களா? இந்த எஞ்சின் நீங்க கட்டுனதாச்சே. உங்க கையிருக்க நான் எதுக்குங்க?"

முத்தாயம்மாள் எந்திரிச்சாங்க. நடந்தாங்கன்னு சொல்ல முடியாது, சேலை தடுக்கித் தடுக்கி ஓடுனாங்க. கேட்டைத் தாண்டி, செங்கோட்டையன் கால்ல உழுந்தாங்க. "செங்கோட்டையா, சாமி, நான் பாவி, நான் பாவி"ன்னு கத்திக்கிட்டே, எக்கி அந்த மாவுக்கட்டுக் கைய ரெண்டு கையாலயும் புடிச்சு மொகத்துல ஒத்திக்கப் போனாங்க.

அவரு திட்டல, எட்டி உதைக்கல. ஒரு அடி பின்னால போனாரு.

"தொடாதீங்க முத்தாயக்கா. வலிக்குது."